பார்க்க மட்டுமல்ல, திருத்தவும் உரிமை உண்டு

2018-19இல் வந்த புதிய பாடத்திட்டத்திலிருந்து தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சாகிறது. திக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் காணொளியும் பயிற்சி வினாக்களும் வரும். ஆசிரியர் காணொளியை ஓடவிடுவார், பிள்ளைகள் பார்ப்பார்கள், மணி அடித்துவிடும். பல வகுப்புகளில் விஷயம் இதோடு முடிந்துவிடுகிறது. விரிவுரையை ஆசிரியருக்குப் பதில் திரை நடத்துகிறது, அவ்வளவுதான்.

இப்படி ஆக்கியவரே பகிரவும் திருத்தவும் அனுமதி கொடுத்து வெளியிடும் பாடப்பொருளுக்குத் திறந்த கல்வி வளம் என்று பெயர். அதை ‘காசில்லாமல் கிடைப்பது’ என்று மட்டும் புரிந்துகொண்டதுதான் கோளாறு. அதன் உயிர் உரிமத்தில் இருக்கிறது. என்சிஇஆர்டி 2013 ஆகஸ்டில் தொடங்கிய திறந்த கல்வி வளங்களின் தேசியக் களஞ்சியமான என்ஆர்ஓஇஆர், இத்தகைய பொது உரிமங்களை வகுத்துத் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் ‘சிசி பை-எஸ்ஏ’ உரிமத்தை ஏற்றுக்கொண்டது. ஒன்றிய அரசின் திக்ஷா 2017 ஆசிரியர் தினத்தன்று வந்தது. அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் உரிமம் தனியாகக் காட்டப்படும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘பை’ என்றால் ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும். ‘எஸ்ஏ’ இருந்தால், நீங்கள் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ‘என்சி’ என்றால் வணிகத்துக்குக் கூடாது. ‘என்டி’ இருந்தால் மாற்றியதைப் பிறருக்குப் பகிரக் கூடாது. ஆசிரியருக்குக் கையைக் கட்டுவது இந்த ‘என்டி’தான்.

சாதாரணப் பதிப்புரிமை உள்ள நூலையும் வகுப்புக்காக நகல் எடுக்கலாமே என்று கேட்கலாம். உண்மைதான். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் படி எடுப்பதை அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் அதே நூலை மாற்றி எழுதி இணையத்தில் ஊருக்கெல்லாம் கொடுக்க அந்தப் பிரிவு உதவாது. திறந்த உரிமம் உதவும்.

சரி, இதனால் வகுப்பில் என்ன மாறும்? சதவீதப் பாடத்தில் ஷாப்பிங் மால் தள்ளுபடி உதாரணம் இருக்கிறது என்று வையுங்கள். கடலோரப் பள்ளி ஆசிரியர் அதை எடுத்துவிட்டு மீன் ஏலக் கமிஷனைப் போடலாம். விடையைச் சொல்லும் இடத்தில் காணொளியை வெட்டி, பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக விவாதிக்க விடலாம். பிரிட்டனின் ஓப்பன் யூனிவர்சிட்டி முன்னின்று நடத்திய டெஸ்-இந்தியா என்ற ஆசிரியர் பயிற்சித் திட்டம் இதை நோக்கமாகவே வைத்திருந்தது. பீகார், கர்நாடகம் உட்பட ஏழு மாநிலங்களில் செயல்பட்ட அந்தத் திட்டத்தின் பாட அலகுகள் மாணவருக்கானவை அல்ல, ஆசிரியருக்கானவை. இருவர் சேர்ந்து செய்யும் பணியையும் குழுப் பணியையும் எப்படி நடத்துவது என்று நம் நாட்டு வகுப்பறைகளிலேயே படம்பிடித்த காணொளிகள் அதில் உண்டு.

மாற்றியதைப் பகிரும்போது மூலத்தின் தலைப்பு, ஆக்கியவர், இணைப்பு, உரிமம், நீங்கள் மாற்றியது என்ன என்பதை ஒரு வரியில் எழுதினால் போதும். அப்புறம், கூகுளில் தேடி எடுத்த படத்தை அதில் ஒட்டாதீர்கள். அந்தப் படத்துக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது. கரும்பலகையில் நீங்களே வரைந்து செல்போனில் எடுத்த படம், கொஞ்சம் கோணலாக இருந்தாலும், தாராளமாகச் செல்லும்.