சம்பளத்தோடு படிப்பு: கையெழுத்துப் போடும் முன்னும் பின்னும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரமே எனக்கு ஊரிலிருந்து ஃபோன் வர ஆரம்பித்துவிடும். "பையனுக்கு ஐ.டி.யில் அப்ரண்டிஸ் கிடைச்சிருக்கு. சம்பளமும் தர்றாங்களாம், டிகிரியும் படிக்க வைக்கிறாங்களாம். சேர்க்கலாமா?" என்று கேட்பார்கள். சேர்க்கலாம் என்றுதான் சொல்வேன். நானே அப்படி வந்தவன். பி.எஸ்சி. முடித்த கையோடு அப்ரண்டிஸாகச் சேர்ந்து, வார இறுதி வகுப்பில் முதுநிலைப் படிப்பை முடித்தேன். இன்று பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில் 12 பேர் கொண்ட அணியைப் பார்த்துக்கொள்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று அப்ரண்டிஸ்கள் என் அணிக்கு வருகிறார்கள்.

சேர்க்கலாம் என்று சொன்ன பிறகு ஒன்றையும் சேர்த்துச் சொல்வேன். இந்த ஏற்பாட்டில் வேலை பாதி, படிப்பு பாதி. வேலையைக் கவனிக்க ஷிஃப்ட் அட்டவணை இருக்கிறது, டீம் லீட் இருக்கிறார், வாடிக்கையாளர் இருக்கிறார். படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. கெட்ட எண்ணத்தால் நடப்பதல்ல இது. அது யாருடைய வேலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

போன ஜூனில் ஒரு தகப்பனார் செய்யாறு பக்கத்திலிருந்து பஸ் பிடித்து, மகன் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு அருகில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து படித்தோம். 14 பக்கம், முழுக்க ஆங்கிலம். பையன் எத்தனை வருடம் இருக்க வேண்டும், நடுவில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதெல்லாம் மூன்று பக்கத்துக்கு விரிவாக இருந்தது. மேற்படிப்பு பற்றி ஒரே ஒரு வரி: வேலைத் தேவை அனுமதிக்கும் பட்சத்தில் நிறுவனம் உதவும். "சார், டிகிரி உறுதின்னு போன்ல சொன்னாங்களே" என்றார். ஃபோனில் சொன்னது காகிதத்தில் இல்லை.

அவரிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான்: இது 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பதிவாகும் பயிற்சியா, இல்லை நிறுவனம் தானாக நடத்தும் திட்டமா? இரண்டையும் ஊரில் அப்ரண்டிஸ் என்றுதான் சொல்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சட்டப்படியான பயிற்சி என்றால் ஒப்பந்தம் அரசின் இணையதளத்தில் பதிவாக வேண்டும். உதவித்தொகைக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. 2019-இல் திருத்திய விதிகள் பிளஸ் டூ முடித்தவருக்கு மாதம் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று அடித்தளம் போட்டன. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆட்களின் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும் என்பதும் விதி. இன்று இவ்வளவு இடம் திறந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதே சமயம், சட்டத்தின் பார்வையில் அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பலருக்குத் தெரியாத நல்ல விஷயம் ஒன்று: அப்ரண்டிஸ் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் பார்க்க வைக்கக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது.

நிறுவனங்கள் தாமாக நடத்தும் திட்டங்கள் வேறு மாதிரி. ஹெச்.சி.எல். நிறுவனத்தின் டெக்பீ திட்டம் பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்து, வேலையில் இருக்கும்போதே பட்டம் படிக்க வழி செய்கிறது. விப்ரோவின் திட்டத்தில் பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்கள் எம்.டெக். படிக்கிறார்கள். ஜோஹோவின் பள்ளியில் கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு, ஆனால் பட்டம் கிடையாது. மூன்றிலும் நல்ல வேலைக்குப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். பட்டம் உண்டா, யார் தருகிறார்கள், கட்டணம் யார் தலையில், எந்த நாளில் வகுப்பு என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். பல்கலைக்கழகப் பெயரைச் சொன்னால், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் தளத்தில் பார்த்துவிடலாம், பத்து நிமிட வேலை.

நடுவில் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதித் தரும் பாண்டு பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு: "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது." தயவுசெய்து இதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி அதிகாரியின் வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. மறுபக்கம், எழுதிய தொகை முழுவதையும் அப்படியே பிடுங்கிவிடவும் முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு என்றுதான் சொல்கிறது. அப்புறம் வயது. 18 நிரம்பாத பிள்ளை போடும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-லேயே பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் ஆட்சிக் கால உச்ச மேல்முறையீட்டு மன்றம்) முடிவு செய்த விஷயம். அதனால்தான் அப்பாவையோ அம்மாவையோ கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அங்கே மாட்டுவது நீங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டுங்கள், அன்றைக்கே திரும்ப வாங்குங்கள்.

சரி, சேர்ந்தாகிவிட்டது. இதற்குப் பிறகு நடப்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

நான் பயிற்சியில் இருந்தபோது அமெரிக்க வாடிக்கையாளருக்கு சப்போர்ட். மாலை 6.30-க்கு ஆரம்பித்தால் விடிகாலை 3.30 வரை. ஆபீஸ் கார் எல்லோரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக என் அறைக்கு வரும்போது ஐந்து மணி ஆகிவிடும். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வகுப்பு. ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி, கேள்வியையே மூன்று முறை படித்தது நினைவிருக்கிறது. அந்தத் தாளில் இரண்டு முறை தோற்றேன். வெகுநாள் என் லீட் மீது கோபம் இருந்தது. பின்னால் யோசித்தபோதுதான் புரிந்தது: தேர்வுத் தேதியை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் வேலையில் அக்கறை இல்லாதவன் என்று நினைப்பாரோ என்ற பயம். முதல் தலைமுறையாக அலுவலகத்துக்குள் நுழையும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த பயம் இருக்கிறது. இன்றும் பார்க்கிறேன்.

வேலையிலும் ஒரு பொறி உண்டு. புதிதாக வருபவருக்கு முதலில் கொடுப்பது எளிய டிக்கெட்டுகள், அதாவது வாடிக்கையாளர் அனுப்பும் சின்னச் சின்னக் கோரிக்கைகள்: பாஸ்வேர்டு மாற்றுவது, கணக்கைத் திறந்துவிடுவது, ராத்திரி தானாக ஓடும் புரோகிராம் நின்றுபோனால் மறுபடி ஓட்டுவது. ஒரு மாதம் சரி. இரண்டு மாதமும் சரி. எட்டு மாதம் அதையே செய்தால் கை பழகும், மூளை பழகாது. போதாக்குறைக்கு, அந்த வேலைகளைத்தான் இன்று பாட்கள் (தானாக இயங்கும் மென்பொருள்கள்) செய்யத் தொடங்கிவிட்டன. மூன்றாவது மாதம் முடிந்ததும், "அடுத்து எனக்கு என்ன கற்றுத் தருவீர்கள்?" என்று லீடிடம் நேராகக் கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டால் இன்னும் நல்லது.

படிப்பு வேலைக்கு உதவாது, வெறும் காகிதம் என்று சொல்லும் சீனியர்கள் எல்லா அணியிலும் இருப்பார்கள். என் அணியில் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த ஒரு பெண் இருக்கிறாள், வயது 19. மாதக் கடைசியில் எடுக்கும் ஒரு ரிப்போர்ட் 40 நிமிடம் ஓடும். வருடக்கணக்காக அப்படித்தான், நாங்களும் டீ குடிக்கப் போய்விடுவோம். ஒரு நாள் அவள் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணா, இந்த குவெரியில் தேதி இருக்கிற நெடுவரிசையை ஒரு ஃபங்ஷனுக்குள்ள போட்டிருக்காங்க. அப்படிப் போட்டா இண்டெக்ஸ் பயன்படாதுன்னு போன வாரம் கிளாஸ்ல சொன்னாங்க" என்றாள். குவெரி என்பது தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் கட்டளை; இண்டெக்ஸ் என்பது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல் பட்டியல் மாதிரி, தேடலை வேகமாக்குவது. அவள் சொன்னது அப்படியேதான் இருந்தது. ஃபங்ஷனை எடுத்துவிட்டு, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று நிபந்தனையை மாற்றி எழுதினோம். இரண்டு நிமிடத்துக்குள் ரிப்போர்ட் வந்தது. 12 பேரும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன ஒன்றை, சனிக்கிழமை வகுப்பில் உட்கார்ந்த ஒருத்தி பிடித்தாள். அந்தச் சனிக்கிழமை நான் அவளுக்கு ஷிஃப்ட் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

என்னைப்போல அணி நடத்துகிறவர்களுக்கு: மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் தேதி எழுதும் அதே தாளில் அப்ரண்டிஸின் தேர்வுத் தேதியையும் எழுதுங்கள். வகுப்புக்கு முந்தைய இரவு வேலை வேண்டாம். அரை மணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

பிள்ளைகளுக்கு: செமஸ்டர் அட்டவணை கைக்கு வந்த அன்றே லீடுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். தினமும் என்ன கற்றீர்கள் என்று ஒரு நோட்டில் நாலு வரி எழுதுங்கள். பயிற்சி முடிவில் மதிப்பீட்டுக்கு அது கை கொடுக்கும். சட்டப்படியான பயிற்சியில் சிக்கல் வந்தால், பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென்மண்டல அலுவலகத்தை அணுகலாம்.

அந்தத் தகப்பனார் ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பி, படிப்பு பற்றிய வரியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். எந்தப் பல்கலைக்கழகம், வாரத்தில் எந்த நாள் விடுப்பு என்று இரண்டு வரி சேர்த்து அனுப்பினார்கள். அதன் பிறகே கையெழுத்துப் போட்டார்.

என் அணியில் இருக்கும் பெண்ணுக்கு வரும் சனிக்கிழமை கணிதத் தேர்வு. வெள்ளிக்கிழமை இரவு ஷிஃப்டில் அவள் பெயர் இருந்த இடத்தில் இப்போது என் பெயர் இருக்கிறது.