தொடுதிரை ஜன்னலின் விலை எங்கே இருக்கிறது?

ஒளி புகும் தளம் ஒன்றின் மேல் மெல்லிய பூச்சை ஏற்றி அதில் காட்சியை வரவழைக்கும் தொழில் நீலகிரிக்குப் புதிதன்று. உதகமண்டலத்தில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில், படச்சுருளின் மதிப்பு முழுவதும் அதன் மேலிருந்த வெள்ளி உப்புப் பூச்சில்தான் அடங்கியிருந்தது. வீட்டு ஜன்னலே தொடுதிரையாகும் வசதி எப்போது கைக்கெட்டும் விலைக்கு வரும் என்ற கேள்விக்கும் பூச்சுகளைப் பார்த்தே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் முறையை பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த பிறகு, வெறும் கண்ணாடி மலிவான பொருளாகிவிட்டது. அதைத் தொடுதிரையாக்க, ஒளியை மறைக்காமலே மின்சாரத்தைக் கடத்தும் இண்டியம் வெள்ளீய ஆக்சைடு பூசப்படுகிறது. இண்டியம் பெரும்பாலும் துத்தநாகச் சுத்திகரிப்பின் துணைவிளைபொருளாகவே கிடைப்பதால், தேவை கூடியவுடன் அதன் உற்பத்தியும் கூடிவிடாது. பூச்சில் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த கோடுகள் சந்திக்கும் இடங்களில் நிலவும் மின்புலம், விரல் நெருங்கும்போது சற்றே மாறுகிறது. மாறிய இடத்தை ஒரு சில்லு கணக்கிட்டுக் கொள்கிறது. கைப்பேசியின் அளவுக்கு இது போதும். ஜன்னல் அளவுக்குக் கோடுகள் நீளும்போது பூச்சின் மின்தடை ஏறிச் சைகை மந்தமாகிவிடுவதால், கண்ணுக்குப் புலப்படாத உலோகக் கம்பிவலை தேவைப்படுகிறது.

பள்ளிகளில் காணும் ஸ்மார்ட் போர்டுகள் பலவற்றில் இந்தப் பூச்சே கிடையாது. சட்டத்தின் ஓரங்களிலிருந்து பாயும் அகச்சிவப்புக் கதிர்களை விரல் மறிக்கும் இடமே தொட்ட இடமாகக் கொள்ளப்படுகிறது. சுற்றளவுக்கு ஏற்பவே உறுப்புகள் கூடுவதால் செலவு குறைவு. விளக்கொளிக்கு வந்து மோதும் விட்டில் பூச்சியும் அதற்கு விரல்தான் என்பது வேறு கதை.

மலைக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. குன்னூரிலும் கோத்தகிரியிலும் மார்கழிக் காலையில் ஜன்னலின் உட்புறம் வேர்த்து நீர் வழியும். மின்புலத்தைக் கலைப்பதில் நீர் விரலுக்குச் சளைத்ததன்று என்பதால், வழியும் துளியைச் சில்லு தொடுகையாக எண்ணிவிடக்கூடும். கம்பளிக் கையுறையோ விரலையே மறைத்துவிடும். வேர்ப்பதைத் தடுக்க இரட்டைக் கண்ணாடி போடலாம் என்றால், கோயம்புத்தூரில் காற்றை உள்ளே வைத்து அடைத்த பலகையை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு ஏற்றும்போது வெளியழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, கண்ணாடி வெளிப்புறமாகப் புடைக்கும். அழுத்தத்தைச் சமன்செய்ய நுண்குழாய் வைக்க வேண்டும், அதற்கும் காசுதான்.

இத்தனைக்கும் மேல் நிற்பது காட்சிப் பலகையின் விலை. எல்ஜி நிறுவனம் 77 அங்குல ஒளிபுகும் ஓஎல்இடி தொலைக்காட்சியை 2024இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை ஏறத்தாழ 60,000 டாலர், அதாவது சுமார் 50 லட்சம் ரூபாய். இவ்வகைப் பலகைகள் பொதுவாகப் பாதிக்கும் குறைவான ஒளியையே உள்ளே விடுகின்றன. மழைக்காலத்தில் பகலிலேயே விளக்கேற்றும் ஊரில் அது சிறிய இழப்பன்று. இந்தப் பத்தாண்டுக்குள் நடுத்தர வீட்டு ஜன்னலில் அத்தகைய திரை அமரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் வரக்கூடியது, வந்துகொண்டும் இருப்பது, விசையைத் தட்டினால் தெளியும் ஒட்டுப்படலம். பிளாஸ்டிக்கில் சிதறிக் கிடக்கும் திரவப் படிகத் துளிகள் ஒளியைச் சிதறடிக்கும்போது படலம் பால்போல் வெளுக்கிறது. தொட்டபெட்டாவை மூடும் பனிமூட்டம் வெளுத்துத் தெரிவதும் துளிகள் செய்யும் அதே சிதறலால்தான். மின்சாரம் பாய்ந்ததும் துளிகளுக்குள் மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசைப்பட, ஒளி தடையின்றிக் கடக்கிறது. சுருள் சுருளாக அச்சிட்டுத் தயாரிக்க முடிவதால் இதன் விலை இறங்க இடமிருக்கிறது. ஆடிக்காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் மட்டும், மின்சாரம் திரும்பும்வரை வெளியே மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜன்னல் வெளுத்தே நிற்கும்.