எஸ்எம்பிஎஸ் மேல் அச்சிட்டிருக்கும் 450 எதைக் குறிக்கிறது?

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கணினி பழுதுபார்க்கும் எனக்கு, வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களின் கணினிகள் வரிசையாக வந்துவிடும். சென்ற ஆண்டு திருமங்கலத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் கொண்டுவந்த கணினி, புகைப்படங்களைத் திருத்தும்போதெல்லாம் ஒழுங்காக ஓடி, எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக உருவாக்கும் ரெண்டர் போட்ட பத்தாவது நிமிடத்தில் பொட்டென்று அணைந்துவிடும். என்னிடம் வருமுன்பே அவர் ராம் மாற்றி, விண்டோஸையும் இருமுறை புதிதாக ஏற்றிப் பார்த்திருந்தார்.

கேபினெட்டைத் திறந்து, சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்ப மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளைப் படித்ததுமே காரணம் பிடிபட்டது. மேலே 450 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. கீழேயுள்ள சிறிய அட்டவணையிலோ 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் மட்டுமே. இரண்டையும் பெருக்கினால் 192 வாட்தான் வருகிறது. இன்றைய கணினியில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தமக்கு வேண்டியதில் பெரும்பங்கை இந்த 12 வோல்ட்டிலிருந்தே எடுப்பதால், எஸ்எம்பிஎஸ் தனித்தனியே தரும் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அது அவற்றுக்கு உதவாது. அந்த 450 வெறும் மாடல் எண் என்பதே என் கணிப்பு.

அவருடைய பிராசஸர் இன்டெல் ஐ5-12400. அதற்கு 65 வாட் என்றே பலரும் கணக்கிடுகிறார்கள். முழுவேகத்தில் அது 117 வாட் வரை எடுக்கலாம் என்று இன்டெல்லே குறிப்பிடுகிறது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட். மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், மின்விசிறிகளுக்கு ஓர் 60 வாட் சேர்த்தால் மொத்தம் 350-ஐ ஒட்டி வரும். கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டியும் இழுக்கும் என்பதையும், மொட்டைமாடி அறையின் வெக்கையில் தூசி அடைத்த விசிறியோடு ஓடும் எஸ்எம்பிஎஸ் தன் முழுத் திறனைத் தராது என்பதையும் நினைத்தால், அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைக்கும் 550 வாட் மிகையாகத் தெரியாது. கிராபிக்ஸ் கார்டே இல்லாத அலுவலகக் கணினிக்குத் தரமான 400 வாட் தாராளம்.

என்னை உண்மையில் பதறவைத்தது வேறொன்று. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் எட்டு முனை இணைப்பு இல்லாததால், ஹார்ட் டிஸ்க்குக்குரிய மோலெக்ஸ் ஒயரில் கன்வெர்ட்டர் போட்டுக் கார்டுக்கு இணைத்திருந்தார்கள். எட்டு முனை இணைப்பு 150 வாட் வரை தரவேண்டியது. இங்கோ அந்த மெல்லிய ஒயரின் முனைப் பிளாஸ்டிக் இளகிப் பழுப்பேறியிருந்தது.

“550 வாட் போட்டால் கரண்ட் பில் ஏறுமே?” என்று அவர் கேட்டார். ஏறாது. கணினி கேட்பதையும், மாற்றும்போது வெப்பமாக வீணாவதையும் மட்டுமே எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து எடுக்கும். 350 வாட் தேவைக்கு, 85 விழுக்காட்டுத் திறனில், சுமார் 412 வாட்.

இந்தக் கணக்கை யுபிஎஸ்ஸுக்கும் அன்றே போட்டுப் பார்க்காதது என் தவறு. ஒரு வாரத்தில் அவர் மறுபடி அழைத்தார்: ரெண்டர் ஓடும்போது மின்சாரம் போனால், யுபிஎஸ் இருந்தும் கணினி அணைகிறது, பேட்டரியை மாற்றலாமா என்று. பேட்டரியில் குறையில்லை. அவரிடமிருந்த 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ் தரக்கூடியதே 360 வாட்தான்; ரெண்டரின்போது கணினி எடுப்பதோ அந்த 412 வாட். அடுத்ததை வாங்கக் கடைக்குப் போனவர், விலையைக் கேட்குமுன் லேபிளைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார்: 1000 விஏ, 600 வாட்.