அஃபேசியா: பேச்சிழப்பா, மொழியிழப்பா?

2022ல ஹாலிவுட் நடிகர் ப்ரூஸ் வில்லிஸ் நடிப்பை விட்டப்போதான் நம்மள்ல பல பேர் அஃபேசியாங்கற சொல்லையே கேள்விப்பட்டோம். ஆனா வியாதி புதுசு இல்ல, ஸ்ட்ரோக் வந்த வீட்ல "அப்பாவுக்கு பேச்சு நின்னு போச்சு"ன்னு சொல்றாங்கல்ல, அதுல நிறைய இதுதான்.

மூளையில மொழியைக் கையாளற பகுதி (பெரும்பாலானவங்களுக்கு இடது பக்கம்) அடிபட்டா வர்றது அஃபேசியா. நாக்கு, தொண்டை எல்லாம் நல்லாவே இருக்கலாம். பேனாவைக் காட்டி இது என்னன்னு கேட்டா "அது... எழுதுவோம்ல... அது"ன்னு விரலால எழுதிக் காட்டுவார், பேனாங்கற சொல் மட்டும் சிக்காது. இன்னொருத்தர் கடகடன்னு பேசிட்டே இருப்பார், ஆனா நமக்கு ஒன்னும் விளங்காது, நாம சொல்றதும் அவருக்கு சரியா ஏறாது. நாக்கு குழறி உச்சரிப்பு தெளிவில்லாம போறது வேற சமாச்சாரம், அது டிஸ்ஆர்த்ரியா, ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

சொல் பிறந்த கதைதான் சுவாரசியம். 1861ல பாரிஸ் பக்கத்துல பிசேத்ர் ஆஸ்பத்திரியில லெபோர்ன்னு ஒரு நோயாளி, என்ன கேட்டாலும் "டான் டான்"னுதான் பதில், அதனால அவர் பேரே டான்னு ஆயிடுச்சு. கோபம் வந்தா மட்டும் ஒரு கெட்ட வார்த்தை சுத்தமா வரும்! அவர் செத்ததும் பால் ப்ரோக்காங்கற டாக்டர் அவர் மூளையைப் பார்த்து, இடது முன்பக்கம் சிதைஞ்சிருக்குன்னு காட்டி, இந்த நிலைக்கு அஃபெமின்னு பேர் வச்சார். 1864ல ட்ரூஸோங்கற டாக்டர் வந்து, கிரேக்கத்துல அதுக்கு அவப்பேருன்னு அர்த்தம் வருதுப்பா, அஃபேசின்னு வைங்கன்னு மாத்தினார், ப்ரோக்கா ஒத்துக்கல, எதிர்த்து எழுதினார், ஆனாலும் நின்னது ட்ரூஸோ சொல்தான். கிரேக்கத்துல முன்னால வர்ற 'அ'ன்னா இல்லாமை, அநீதியில வர்ற அந்த 'அ' மாதிரியேதான், 'ஃபாசிஸ்'னா பேச்சு. நேரடியா சொன்னா பேச்சின்மை.

தமிழ்ல பேச்சிழப்புன்னு எழுதுறாங்க. இதுல 'இழப்பு' கிரேக்கத்தை விடவே பொருத்தம்னு நான் சொல்லுவேன், ஏன்னா இருந்தது போனாதான் இழப்பு, இன்மைன்னா பிறந்ததுலேர்ந்தே இல்லாததையும் சொல்லலாம். ஆனா எனக்கு இடிக்கறது அந்தப் பேர்ல இருக்கற 'பேச்சு'ங்கற சொல்தான். சைகை மொழியிலேயே வளர்ந்த காது கேளாதவங்களுக்கும் இடது மூளை அடிபட்டா சைகை மொழி குலைஞ்சு போகலாம், கையில வாதம் இல்லன்னாலும்கூட. ஆராய்ச்சியில இது தெளிவா வந்துடுச்சு. படிக்கறது எழுதறதும் அதோட சேர்ந்து பாதிக்கும். அப்ப போறது பேச்சு மட்டும் இல்ல, மொழி. அதனால மொழியிழப்புன்னு சொல்றதே சரி. பேச்சிழப்புன்னு கேட்டதும் ஊமைன்னு நினைச்சுக்கற தொல்லையும் குறையும், பேச்சிழப்புன்னு பேர் வச்சுட்டு, கடகடன்னு பேசுறவருக்கும் இதே வியாதிதான்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

முழுசா போகாம கொஞ்சம் போனாலும் டாக்டருங்க அஃபேசியான்னுதான் சொல்றாங்க. சொந்தமா ஒரு வாக்கியம் வராதவர்கூட ஒன்னு ரெண்டு மூணு எண்ணுவார், மனப்பாடமா தெரிஞ்ச பாட்டைப் பாடுவார். வீட்டுக்காரங்க இதைப் பார்த்துட்டு "பாட வருது, பேச மட்டும் வராதா, நடிக்கிறார்"னு சொல்றது உண்டு, பாவம். பாட்டு ராகத்தைப் பிடிச்சுட்டே சொல்லை வரவைக்கற தெரபி 1973லேயே வந்தாச்சு.

மொழி வளர்றதுலயே சிக்கல் இருக்கற குழந்தைங்க விஷயத்துல மட்டும் இந்தச் சொல்லை இழுக்காதீங்க. காது நல்லா கேட்டும், வேற காரணம் எதுவும் தெரியாம, மொழி சரியா வளராத பிள்ளைங்களையும் ஒரு காலத்துல வளர்ச்சி அஃபேசியான்னு சொன்னாங்க. 2017ல டொரோத்தி பிஷப்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளரோட குழு நிறைய நிபுணர்களைக் கேட்டு பேரை ஒழுங்கு பண்ணுச்சு, டெவலப்மென்டல் லாங்குவேஜ் டிஸ்ஆர்டர், சுருக்கமா டிஎல்டி. அந்தப் பிள்ளைக்கு எதுவும் தொலைஞ்சு போகல, அதனால இழப்பு அங்க ஒட்டாது, மொழி வளர்ச்சிக் குறைபாடுன்னு சொல்லிட்டா போதும்.