டேங்க்குக்கும் மூச்சு முட்டும்

1980 முதல் 1986 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பை இரண்டு டேங்க்கோடு வாங்கியவர்களுக்கு, டேஷ்போர்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் முன் டேங்க், மறுபக்கம் தள்ளினால் பின் டேங்க். லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டி, பெட்ரோல் பங்க் எங்கோ தொலைவில் இருக்கிற அமெரிக்கப் பண்ணைக் காடு. இரண்டாவது டேங்க் அங்கே ஆடம்பரம் இல்லை. நாற்பது வருடம் கழித்து அதே வண்டியைத் தூசி தட்டி ஓட்டுகிறவர்கள் பலரும் அந்த சுவிட்சைத் தொடுவதே இல்லை. பின் டேங்க் செத்துப் போய் ரொம்ப நாளாகியிருக்கும்.

அது ஏன் முதலில் போகிறது? பின் ஆக்சிலுக்குப் பின்னால், சேஸிஸின் இரண்டு சட்டங்களுக்கு நடுவே அது தொங்குகிறது. பின் சக்கரம் வாரி இறைக்கிற சேறும் சரளையும் நேராக அதன் மேல்தான் விழும். பனி விழும் மாநிலங்களில் ரோட்டில் உப்பு தூவுவார்கள், அதுவும் சேரும். டேங்க்கைத் தாங்குகிற இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு காயாமல் கிடக்கும். துரு பெரும்பாலும் அந்தப் பட்டை ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். உள்ளே வேறு கதை. அந்தக் காலத்து டேங்க் தகட்டில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு உண்டு. அரை டேங்க்கோடு வருடக்கணக்கில் நின்றால், மேல்பாதியில் இருக்கும் காற்றின் ஈரம் இரவில் வியர்த்து, நீர் கீழே இறங்கிப் பெட்ரோலுக்கு அடியில் தங்கும். இப்போது அமெரிக்காவில் விற்கிற பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் வேறு. எத்தனால் அந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்தே பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் உட்காரும். எரிபொருள் உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது.

சரி, மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தாயிற்று. அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "புதுசு எதுக்கு, காலி பண்ணிட்டு ஒரு வெல்டிங் வச்சா முடிஞ்சுது." இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஏறத்தாழ 72 லிட்டர் டேங்க்கில் 1.4 சதவீதம் என்றால் ஒரு லிட்டர் ஆவி. அதைத் திரவமாக அளந்தால் ஒரு டீஸ்பூன். சுமார் 7.6 சதவீதத்துக்கு மேல் போனால் காற்று போதாமல் எரியாது, அதற்கு ஐந்தாறு டீஸ்பூன் வேண்டும். ஆக, நிறைந்த டேங்க்கை விடக் காலி டேங்க்தான் பயங்கரம். நிறைந்த டேங்க்கின் மேல்பகுதியில் ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால் உள்ளே எரிய வழி இல்லை. கவிழ்த்து வடித்த டேங்க்கின் மடிப்புகளிலும் துருவிலும் ஒட்டியிருக்கிற ஒரு டீஸ்பூன் எந்த மூலையில் இருக்கிறது என்று யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து போய், ஒர்க்‌ஷாப்பின் மறுமூலையில் எரிகிற வாட்டர் ஹீட்டரைத் தேடிப் பிடிக்கும். அதனால் வேலை வெட்டவெளியில், பேட்டரி வயரைக் கழற்றிய பிறகு.

டேங்க்கை இறக்க இரண்டு வழி. நான்கு பேர் இருந்தால் வண்டியின் பின்பெட்டியைக் கழற்றித் தூக்கி வைத்துவிடலாம், டேங்க்கின் தலை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். தனி ஆள் என்றால் அடியில் படுத்து, ஜாக்கி மேல் பலகை வைத்துத் தாங்கி, பட்டை போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். நிறைந்த டேங்க்கில் பெட்ரோல் மட்டும் 53 கிலோ இருக்கும், அது உள்ளே அலைபாயும். முதலில் வடித்துவிடுவதுதான் நல்லது. டேங்க்கின் தலையில் டேங்க் யூனிட்டை (பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் கருவி) பிடித்திருக்கும் பூட்டு வளையத்தைத் திருப்பப் பித்தளை உளி வைத்துத் தட்டுவார்கள். இரும்போடு இரும்பு உரசினால் பொறி வரும்.

புது டேங்க் வந்து இறங்கியதும் எல்லோரும் பார்ப்பது தகட்டின் தடிமனையும் பெயின்ட்டையும். நான் முதலில் பார்க்கச் சொல்வது மேலே இருக்கிற சின்ன சின்னக் குழாய் முனைகளை. டேங்க் மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான்.

சமையல் எண்ணெய் டின்னை உடைக்கும்போது ஒரு ஓட்டை போட்டு நிறுத்த மாட்டோம், எதிர்மூலையில் இன்னொன்று போடுவோம். இல்லாவிட்டால் எண்ணெய் குபுக் குபுக் என்று விக்கி விக்கி விழும். பெட்ரோல் டேங்க்கும் அப்படித்தான். எஞ்சின் ஒரு லிட்டர் குடித்தால் ஒரு லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வழி அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் குறையும். பத்தில் ஒரு பங்கு குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சென்டிமீட்டருக்கு 80 சென்டிமீட்டர் உள்ள மேல்தகட்டின் மீது வெளிக்காற்று கிட்டத்தட்ட 490 கிலோ எடையை ஏற்றி வைத்த மாதிரி அழுத்தும். டேங்க் உள்வாங்கிச் சப்பிப் போனால் அது யாரும் இடித்ததாக இருக்க வேண்டியதில்லை.

மூச்சு வெளியேயும் போக வேண்டும். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு போல விரியும். காலையில் கழுத்துவரை நிரப்பிவிட்டு வெயிலில் நிறுத்தி, 20 டிகிரி ஏறினால் 72 லிட்டர் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கூடுதலாகும். (அதிகாலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும் என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை உண்டு. பங்க்கின் டேங்க் மண்ணுக்கடியில் இருக்கிறது, அங்கே காலையும் மதியமும் ஒன்றுதான்.) இதற்காகத்தான் டேங்க்கின் தலையில் கொஞ்சம் இடம் எப்போதும் காலியாக இருக்கும்படி வடிவமைக்கிறார்கள். அங்கிருந்து கிளம்பும் ஆவியை ஒரு மெல்லிய குழாய் முன்னால் இருக்கும் கரி டப்பாவுக்குக் கொண்டுபோகும். எஞ்சின் ஓடும்போது கரி பிடித்து வைத்த ஆவியை அது இழுத்து எரித்துவிடும். புது டேங்க் மாட்டும்போது "இந்தக் குழாய் எதுக்குன்னே தெரியலை" என்று ஸ்க்ரூ போட்டு அடைப்பவர்கள் அடைப்பது இந்த மூச்சைத்தான்.

பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்க்குக்கு இரண்டு ரப்பர் ஹோஸ் வரும். தடித்ததில் பெட்ரோல் இறங்கும், ஒல்லியானதில் உள்ளேயிருக்கும் காற்று எதிரே ஏறும். டேங்க்கை மேலே தள்ளிப் பட்டையை முறுக்கும்போது ஒல்லி ஹோஸ் எங்காவது மடங்கிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. பங்க்கில் நின்றால் நாசில் "டக்", "டக்" என்று இரண்டு இரண்டு லிட்டருக்கு ஒருமுறை நின்றுவிடும். நாசில் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் வேகமாகப் பாயும்போது அந்தத் துளை வழியே காற்று உறிஞ்சப்படும். பெட்ரோல் ஏறி வந்து துளையை மூடினால் உள்ளே இருக்கும் சவ்வு இழுபட்டுக் கொக்கி விலகும், அடைபடும். அதற்கு டேங்க் நிறைந்ததும் தெரியாது, ஹோஸ் மடங்கியதும் தெரியாது.

அப்புறம் மீட்டர். ஆட்களைப் பைத்தியமாக்குவது இதுதான். டேங்க் யூனிட் என்பது ஒரு மிதவையும், அது நகர்த்துகிற ஒரு மின்தடையும். 1986 வரை ஃபோர்டில் காலி என்றால் சுமார் 73 ஓம், நிறைவு என்றால் 10 ஓம். 1987-இலிருந்து கணக்கைத் தலைகீழாக்கிவிட்டார்கள்: காலிக்கு 16, நிறைவுக்கு 158. இரண்டு யூனிட்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மாற்றி வாங்கி மாட்டினால் முள் பொய் சொல்லாது, ஆனால் எதிர்ப்பாஷை பேசும். நிரப்பினால் காலி, தீர்ந்தால் நிறைவு.

யூனிட் சரியாகவே இருந்தும் முள் அசையாமல் கிடந்தால் எர்த்தைப் பாருங்கள். பழைய இரும்பு டேங்க்கில் பெரும்பாலும் டேங்க்கின் உடம்பும் பட்டையுமே எர்த்தாக வேலை செய்தன. புதுசுக்குத் தடித்த பெயின்ட், பட்டைக்கு அடியில் புது ரப்பர், மின்சாரம் போக வழியே இல்லை. ஃபோர்டில் வழி அறுந்தால் முள் காலியில் படுத்துவிடும். அதே காலத்து செவர்லேயில் காலிக்கு 0, நிறைவுக்கு 90 ஓம் என்பதால் முள் நிறைவையும் தாண்டி ஓடும், ஓட்டுகிறவர் நம்பிக்கையோடு நடுரோட்டில் நிற்பார். யூனிட்டிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு வயர் இழுத்துவிட்டால் முடிந்தது.

கடைசியாக ஒரு திருட்டுக் கசிவு. கார்புரேட்டர் வைத்த இந்த வண்டிகளில் பம்ப் முன்னால் எஞ்சினில் இருக்கிறது. மூன்று நான்கு மீட்டர் தூரத்திலிருந்து அது பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற குழாயில் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. அதனால் பழைய ரப்பர் இணைப்பில் ஊசித் துளை இருந்தாலும், எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஈரம் இல்லை, வாசனை இல்லை, வண்டி மட்டும் இருமும். இங்கேதான் இரண்டு டேங்க் இருப்பது கைகொடுக்கிறது. முன் டேங்க்கில் எஞ்சின் சீராக ஓடி, சுவிட்சைத் தள்ளியதும் ஒரு நிமிடத்தில் விக்க ஆரம்பித்தால், கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டாம். பழுது, எந்த டேங்க்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று மாற்றிவிடுகிற வால்வுக்கும் பின் டேங்க்குக்கும் இடையில்தான்.

எல்லாம் மாட்டியபின் முதல் தடவை இருபது லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். கீழே ஒரு அட்டையை விரித்துவைத்துக் காத்திருந்து, சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். பிறகு சாவியைத் திருப்பினால் மீட்டர் முள் உடனே எழுந்திருக்காது. உள்ளே ஒரு மெல்லிய கம்பிச் சுருள் சூடாகி, இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை ஒன்றை வளைத்துத்தான் அந்த முள் நகர்கிறது. வண்டி குலுங்கிப் பெட்ரோல் அலைந்தாலும் முள் ஆடாமல் இருப்பது இந்தச் சோம்பலால்தான். மெதுவாக, கால் டேங்க்கைத் தாண்டி ஏறி நிற்கும்.