எல்லாவற்றுக்கும் நரம்புத் தளர்ச்சியா?

போன வாரம் என்னிடம் சிகிச்சைக்கு வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். ஏழு மாதமாக 'நரம்புத் தளர்ச்சி'க்கு வைட்டமின் ஊசி போட்டிருக்கிறார். சாயங்காலமானால் இடது இமை இறங்கிவிடும், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், பாதிச் சாப்பாட்டில் தாடை ஓய்ந்துவிடும். காலையில் எழுந்தால் ஒன்றும் இருக்காது. இதே கதையை இந்த வருடம் நான்காவது முறையாகக் கேட்கிறேன். இவராவது நடந்து வந்தார். முந்தைய மூவரில் ஒருவரை மூச்சுக்குழாய் போட்டுத்தான் கொண்டு வந்தார்கள்.

நரம்புத் தளர்ச்சி என்று ஒரு நோயே கிடையாது. நம் பேச்சில் நரம்பு என்பது பெரிய மூட்டை. ரத்தக்குழாயில் போட்டால் நரம்பு ஊசி, காலில் சிரை புடைத்தால் நரம்புச் சுருட்டல், கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டால் நரம்பு இழுத்துக்கொண்டது. யாழின் தந்திகூட நரம்புதான். மொழி மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நரம்பு ஒரு கயிறு, அது தொய்ந்தால் கை விழுந்துவிடும், ஊசி போட்டால் முறுக்கேறிவிடும் என்ற நினைப்பு இங்கிருந்துதான் வருகிறது. நரம்பு எதையும் இழுப்பதில்லை ஐயா! இழுப்பது தசை. அதற்குள் மயோசின் என்ற புரத இழைகள் ஆக்டின் என்ற புரத இழைகளைப் பற்றிப் பற்றி நகர்த்துகின்றன, சுருக்கம் என்பது அவ்வளவுதான். நரம்பு சேதி மட்டும் சொல்கிறது. அதுவும் தொடாமல். இடையில் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 20,000-இல் ஒரு பங்கு இடைவெளி. நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும், தசையிலுள்ள ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு மாணவர் என்னை மடக்கப் பார்த்தார். 1968-இல் மூளையிலிருந்தே ஆக்டோமயோசின் (ஆக்டினும் மயோசினும் சேர்ந்தது) போன்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்களே, நரம்பு முனைகளிலும் அது இருக்கிறதே, அப்போ நரம்பும் சுருங்கும்தானே சார் என்றார். நல்ல கேள்வி. ஆனால் அங்கே ஆக்டின் முனையின் வடிவத்தைத் தாங்குகிறது, வேதிப்பொருள் நிறைந்த நுண்பைகளை ஒழுங்குபடுத்த உதவுகிறது. கைகால் தூக்கும் வேலை அதனிடம் இல்லை.

அந்த நால்வருக்கும் இருந்தது மயஸ்தீனியா கிராவிஸ். இதில் நரம்பும் நன்றாக இருக்கும், ஆக்டினும் மயோசினும் நன்றாக இருக்கும். நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே தசையிலுள்ள ஏற்பிகளைத் தாக்குகிறது. வைட்டமின் ஊசி இதில் என்ன செய்யும்? ஓய்வெடுத்ததால் இரண்டு நாள் தேறியிருப்பார், அந்தப் பெயரை ஊசி வாங்கிக்கொள்ளும். பி12 குறைவு உண்மையான நோய்தான், மறுக்கவில்லை. ரத்தத்தில் அளவு பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மூச்சுக்குழாயோடு வந்தவர் சளிக் காய்ச்சலுக்கு யாரையும் கேட்காமல் ஓர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தார். காய்ச்சலே இந்த நோயை மோசமாக்கும், மருந்தும் சேர்ந்துகொண்டது. சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், ரத்தக்குழாயில் ஏற்றும் மெக்னீசியம், பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாம் இவர்களுக்கு ஆகாதவை, அல்லது மிகுந்த கவனத்தோடு தரவேண்டியவை. நோய் உறுதியானவர்கள் பல் டாக்டர் உட்பட எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். தேறிவிட்டது என்று நீங்களாக இந்த நோய்க்கான மாத்திரையை நிறுத்தாதீர்கள். விழுங்க முடியவில்லை, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், சந்தேகமிருப்பவர்களிடம் ஒரு கெஞ்சல். சாயங்காலம் இமை இறங்கும்போது மொபைலில் ஒரு படம் எடுத்து வாருங்கள். காலையில் என் முன்னால் வந்து உட்காரும்போது கண் நன்றாகத் திறந்திருக்கும், உங்களுக்கே ஒன்றுமில்லை என்று தோன்றும்.