ஷூ நனைந்தால் ஜாக்கெட் காப்பாற்றாது

குளிர்காலம் தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆனதும் ஒரே மாதிரியான கால்கள் என் மருத்துவ அறைக்கு வர ஆரம்பித்துவிடும். விரல்நுனிகள் சிவந்து, அங்கங்கே ஊதா நிறமேறி, தொட்டாலே வலிக்கும். பகல் முழுக்க மரத்துக் கிடந்த விரல்கள் ராத்திரி போர்வைக்குள் சூடானதும் அரித்தே தூங்கவிடுவதில்லை என்பார்கள். பூச்சிக்கடி என்று நினைத்து ஏதாவது களிம்பைத் தடவிக்கொண்டு வருபவர்களும் உண்டு. குளிரில் சுருங்கிய நுண்ணிய ரத்தக்குழாய்கள் மறுபடி சூடு படும்போது சீராக விரியாததால் வரும் வீக்கம் இது. சில்பிளெய்ன் என்று பெயர்.

ஷூவைக் கழற்றச் சொல்லி சாக்ஸைத் தொட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். ஆனால் மேலே போட்டிருக்கும் ஜாக்கெட் கனமானதாக, நல்லதாகவே இருக்கும். வாங்கும்போது எல்லாருடைய கவனமும் தடிமனுக்குப் போகிறது. உடம்பைப் படுத்துவது ஈரம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். அதனால்தான் 10 டிகிரியில் மழையில் நனைந்து காற்றில் நிற்பவர், உறைநிலைக்குக் கீழே உலர்ந்த உடையோடு நடப்பவரைவிட அதிகமாக நடுங்குகிறார். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் ஆயிரக்கணக்கான வீரர்களின் பாதங்கள் கெட்டுப்போனதும் பனிக்கட்டியால் அல்ல. உறைநிலைக்கு மேலே இருந்த குளிரில், சேற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் நின்றதால்தான். அந்த அளவு மோசமான பாதங்களை நாம் அடிக்கடி பார்ப்பதில்லை. ஆனால் வெளியே நின்று வேலை பார்க்கும் காவலாளிகளிடமும் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளைகளிடமும் அதன் ஆரம்ப நிலையைப் பார்க்கிறேன்: வெளிறிய, சுருங்கிய, உணர்ச்சி குறைந்த பாதம்.

அதனால் என்னிடம் கேட்டால், கையில் இருக்கும் பணத்தில் முதலில் ஷூவை வாங்குங்கள் என்பேன்.

ஷூவில் நான் முதலில் பார்ப்பது அளவு. நீர் புகாமை அதற்கு அப்புறம்தான். குளிருகிறது என்று இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நான் பார்க்கும் தவறுகளில் இதுதான் அதிகம். கால் நெரிபட்டால் ரத்த ஓட்டம் குறையும். ரத்தம் வராத விரலை எந்த சாக்ஸாலும் சூடாக்க முடியாது. கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், குளிர்காலத்தில் போடப்போகும் அதே தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். உள்ளே விரல்களை மடக்கி நீட்ட முடிய வேண்டும்.

அடுத்து, லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்கைப் பாருங்கள். அதன் இரண்டு ஓரமும் ஷூவோடு மடிப்பாகத் தைக்கப்பட்டிருந்தால் அந்த உயரம் வரை தண்ணீர் புகாது. தனியாகத் தொங்கினால், நீர் புகாத ஷூ என்று லேபிளில் போட்டிருந்தாலும் முதல் குட்டையிலேயே தெரிந்துவிடும். தண்ணீரைத் தடுக்க உள்ளே மெல்லிய சவ்வு வைத்த ஷூக்களுக்கு இன்னொரு குணம் உண்டு: மேல்விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் அது வெளியேறவும் செய்யாது. ஆகவே மழை அதிகமான இடத்தில் கணுக்கால் மூடும் உயரமே நல்லது, பேன்ட் அதன் மேல் விழ வேண்டும். ரப்பர் பூட்ஸ் மழைக்கு உறுதியானவைதான். ஆனால் வியர்வை போக வழியில்லாததால் நாள் முழுக்கப் போட்டால் உள்ளேயே நனைந்துவிடும், விரலிடுக்கில் பூஞ்சைத் தொற்றும் வரும்.

அடிப்பாகத்தையும் திருப்பிப் பாருங்கள். ஈரமான இலைகளிலும் இரும்பு மூடிகளிலும் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வரும் வயதானவர்கள் அத்தனை பேர். மழுங்கிய அடிப்பாகத்தைவிட, இடைவெளி விட்டு ஆழமாக வெட்டிய மென்மையான ரப்பர் பிடித்து நிற்கும். ரொம்பக் கனமான பூட்ஸும் முதியவர்களுக்கு வேண்டாம், கால் தடுக்கும்.

சரி, ஜாக்கெட்டுக்கு வருவோம். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காக்க மூளை கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். கால் சில்லிடுவதற்கு நனைந்த முதுகும் காரணமாகலாம்.

லேபிளில் 5,000, 10,000, 20,000 மில்லிமீட்டர் என்று எண்கள் இருக்கும். துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கசியத் தொடங்கும் என்ற அளவு அது. அன்றாடப் போக்குவரத்துக்கு 10,000 போதும். ஆனால் அது புதுத் துணியின் எண். தையல்களுக்கும் ஜிப்புக்கும் அது பொருந்தாது, முதுகுப் பையின் பட்டை அழுத்தும் தோளில் துணி சீக்கிரம் தேய்ந்தும் போகும். அதனால் ஜாக்கெட்டை உள்புறம் திருப்பி, எல்லாத் தையலின் மேலும் தண்ணீரைத் தடுக்கும் ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். என் கணக்கில் எண்ணைவிட இது முக்கியம்.

ஈரத்தில் மழை ஒரு பாதி என்றால், இன்னொரு பாதி வியர்வை. 1823-இல் சார்லஸ் மெக்கின்டாஷ் காப்புரிமை வாங்கிய ரப்பர் பூசிய துணி மழையை நிறுத்தியது, வியர்வையையும் உள்ளேயே நிறுத்தியது. 1969-இல் பாப் கோர், டெஃப்ளான் குடும்பத்துப் பொருள் ஒன்றைச் சூடாக்கி வெடுக்கென இழுத்தபோது நுண்துளைகள் நிறைந்த பொருள் கிடைத்தது. அதிலிருந்து வந்ததுதான் கோர்டெக்ஸ் சவ்வு. மழைத்துளி நுழைய முடியாத அந்தத் துளைகளில் வியர்வையின் ஆவி வெளியேறிவிடும். ஆனால் வெளித்துணி தண்ணீரைக் குடித்து ஊறிவிட்டால் ஆவிக்குப் போக வழியில்லை. உள்ளே ஈரம் சேரும், போட்டிருப்பவர் ஜாக்கெட் ஒழுகுகிறது என்று நினைப்பார். பல நேரம் அது அவருடைய வியர்வைதான்.

மழைத்துளி உருண்டு ஓடாமல் துணியில் கறுப்பாகப் பரவினால் துவைக்கும் நேரம் வந்துவிட்டது. அழுக்கும் தோலின் எண்ணெயும்தான் முதல் காரணம். மிதமான திரவ சோப்பில் துவைத்து நன்றாக அலசுங்கள், துணி மென்மையாக்கி ஊற்றாதீர்கள். லேபிள் அனுமதித்தால் குறைந்த சூட்டில் உலர்த்துங்கள், நீர் விலக்கும் பூச்சு பெரும்பாலும் உயிர் பெறும். இல்லையென்றால் பூச்சுத் திரவம் வாங்கி மறுபடி பூச வேண்டும். இந்தப் பூச்சில் சேர்த்துவந்த, சுற்றுச்சூழலில் எளிதில் சிதையாத ஃப்ளோரின் வேதிப்பொருள்களைப் பல நிறுவனங்கள் இப்போது கைவிட்டு வருகின்றன. நல்ல மாற்றம், ஆனால் புதுப் பூச்சுகள் எண்ணெயை அவ்வளவாகத் தாங்காததால் இன்னும் அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும்.

தடிமனான ஒரே ஜாக்கெட்டைவிட, மெல்லிய மழை ஜாக்கெட்டையும் உள்ளே கழற்றக்கூடிய கம்பளி அல்லது ஃபிளீஸ் எனும் மென்மையான செயற்கைத் துணியில் செய்த உடையையும் வாங்குவது புத்திசாலித்தனம். பறவை இறகு வைத்தது நனைந்தால் துவண்டு, சூட்டை இழந்துவிடும். செயற்கை இழை ஓரளவு தாங்கும். தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். கம்பளியோ பாலியெஸ்டரோ போடுங்கள், சாக்ஸுக்கும் இதே பேச்சுதான். தலைமறைப்பு தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் சாலையைக் கடக்கும்போது பக்கத்தில் வரும் வண்டி தெரியாது. இருட்டு சீக்கிரம் வரும் மாதங்களில் கறுப்பு நிறம் வேண்டாம்.

நனைந்த ஷூவின் உள்தட்டை எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து அறைக்காற்றில் வையுங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுவிடும், தோல் வெடிக்கும். ஓர் இரவில் பெரும்பாலும் முழுதாகக் காயாது, ஆகவே முடிந்தால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். மரத்துப்போன காலை வெந்நீரிலோ ஹீட்டர் முன்னோ வைக்காதீர்கள். வெந்துபோவது உங்களுக்குத் தெரியாது. துடைத்து, உலர்ந்த சாக்ஸ் போட்டு, போர்வைக்குள் மெதுவாகச் சூடேற விடுங்கள். ஒரு மணி நேரம் ஆகியும் வெளிறியோ மரத்தோ இருந்தால், அல்லது கொப்புளம் தென்பட்டால், காலை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.